அந்தப் பந்து எங்கே விழுந்தது? ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ கடைசி எபிசோடு: கேள்வி பதில்

‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ தொடரை முழுக்கப் பார்த்து முடித்தவர்கள், பாதியில் விட்டவர்கள், வீட்டில் வேறு யாரோ பார்க்கும்போது ஓரக்கண்ணால் பார்த்தவர்கள் என்று பலர் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலும் ஐந்தாவது சீசனின் இறுதி எபிசோடு பற்றித்தான். முடிவு மொத்தமும் வெளியே வந்துவிடும். இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்கள் முதல் பதிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அக்கா, நான் பார்த்ததே இல்லை. சுருக்கமாக என்ன கதை?

டெக்சாஸ் மாநிலத்தில் டில்லன் என்று ஒரு கற்பனை ஊர். வெள்ளிக்கிழமை இரவு பள்ளி அணிக்கு ஆட்டம் இருந்தால் ஊரே மைதானத்தில்தான் இருக்கும். காலால் உதைக்கும் கால்பந்து என்று நினைக்காதீர்கள், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்கன் ஃபுட்பால். கோச் எரிக் டெய்லராக கைல் சாண்ட்லர், அவர் மனைவி டாமியாக கானி பிரிட்டன். 2006 அக்டோபரில் என்பிசி சேனலில் தொடங்கி, ஐந்து சீசன்களில் 76 எபிசோடுகள். முதல் மூன்று சீசன்களில் எரிக் கையில் இருப்பது டில்லன் பாந்தர்ஸ் என்ற செல்வாக்கான அணி. பிறகு ஒரு பணக்கார அப்பாவின் உள்ளடி வேலையால் அந்தப் பதவி போய், ஊரின் ஏழைப் பகுதியில் மறுபடி திறக்கும் ஈஸ்ட் டில்லன் பள்ளிக்கு அவரைத் தள்ளிவிடுகிறார்கள். கடைசி இரண்டு சீசன்கள் அங்கே அவர் உருவாக்கும் லயன்ஸ் அணியின் கதை.

மாநில இறுதி ஆட்டம், கடைசி விநாடி, பந்து காற்றில் போகிறது, படக்கென்று வேறு காட்சி. ஜெயித்தார்களா இல்லையா? என் டிவியில்தான் ஏதோ கட் ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

டிவி மேல் தப்பில்லை. ஜெயித்துவிட்டார்கள். லயன்ஸ் அணியின் வின்ஸ் எறியும் அந்த நீண்ட பந்து சுழன்றுகொண்டே போகிறது, பார்ப்பவர்கள் முகம் ஒவ்வொன்றாக வருகிறது, அப்புறம் நேராக எட்டு மாதம் கழித்து பிலடெல்பியாவில் ஒரு பயிற்சி மைதானம். முடிவு என்ன என்பதை வசனத்தில் யாரும் சொல்வதில்லை. ராணுவத்தில் சேரப் புறப்படும் லயன்ஸ் ஆட்டக்காரன் லூக், பஸ் ஏறும் முன் தன் சாம்பியன்ஷிப் மோதிரத்தைக் காதலி பெக்கியிடம் கொடுக்கிறான் பாருங்கள், விடை அந்த மோதிரத்தில் இருக்கிறது. மாநில அளவில் ஜெயிக்கும் அணிக்கு மோதிரம் செய்து போடுவது அங்கே வழக்கம்.

இதைக் காட்டாமல் விட்டதுதான் சரி என்பது என் கட்சி. முதல் சீசன் முடிவிலேயே மாநிலக் கோப்பையை வென்று, கத்திக் கூத்தாடி, ஊர்வலம் வரைக்கும் காட்டியாகிவிட்டது. அதையே இன்னொரு தடவை எடுத்தால் என்ன புதுசாகக் கிடைக்கும்? அதோடு, இந்த இறுதி எபிசோடில் நமக்குப் பதைப்பு கொடுக்கிற போட்டி டெய்லர் வீட்டுக்குள் நடக்கிறது. அதன் முடிவை நாம் ஆட்டத்துக்கு முன்பே பார்த்துவிடுகிறோம்.

நேரம் முடிந்துவிட்டதே, பந்து காற்றில் இருக்கும்போது பூஜ்யம் ஆனால் ஆட்டம் முடிந்தது என்றுதானே அர்த்தம்?

இல்லை. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டாலும், அதற்கு முன் தொடங்கிய நகர்வு முழுசாக முடிய வேண்டும். கிரிக்கெட்டில் கடைசிப் பந்து கையை விட்டுப் போன பிறகு நேரம் ஆகிவிட்டது என்று யாரும் ஸ்டம்பைப் பிடுங்குவதில்லை அல்லவா, அப்படித்தான். எதிரணி எல்லைக்குள் யாராவது பிடித்தால் டச்டவுன், ஆறு புள்ளி. பிடிக்காமல் கீழே விழுந்தால் கதை முடிந்தது. மற்ற விதிகளில் ஒன்று தெரிந்தால் போதும்: பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பும் ஃபீல்டு கோல் என்றால் மூன்று புள்ளி, அது நான்காவது சீசன் முடிவுக்குத் தேவைப்படும்.

எரிக் கடைசியில் மனைவிக்காக பிலடெல்பியா போவதை என்னமோ மகா தியாகம் மாதிரி எல்லோரும் கொண்டாடுகிறார்கள். டாமி எத்தனை வருஷமாக இதையேதான் செய்துகொண்டிருந்தாள்? அவளுக்கு யார் கை தட்டினார்கள்?

வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கணக்கை முதல் சீசன் முடிவிலிருந்து பாருங்கள். எரிக்குக் கல்லூரி அணியில் பெரிய வேலை கிடைக்கிறது, ஆஸ்டினுக்குப் போக வேண்டும். டாமி கர்ப்பமாக இருக்கிறாள், மகள் ஜூலியோடு டில்லனிலேயே இருக்க முடிவு செய்கிறாள். அவர் போகிறார். அடுத்த சீசனில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டில் தனியாகத் திணறுவது அவள்தான். பிறகு அவர் திரும்பி வருகிறார். பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசகராக இருந்தவள் பிரின்சிபால் ஆகிறாள். நான்காவது சீசனில், கர்ப்பமான ஒரு மாணவிக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று நேர்மையாகச் சொன்னதற்காக ஊர் அவளைப் பிடித்து உலுக்குகிறது. பதவியை விட்டு ஈஸ்ட் டில்லனுக்கே மாணவர் ஆலோசகராக வருகிறாள். ஐந்தாவது சீசனில் பிலடெல்பியாவில் பிரேமோர் கல்லூரி அவளை மாணவர் சேர்க்கைத் தலைவராக அழைக்கிறது. அதே நேரத்தில் இங்கே எரிக்குக் கொழுத்த ஐந்து வருட ஒப்பந்தம் காத்திருக்கிறது.

எரிக் உடனே ‘போகலாம்’ என்கிறாரா? கிடையாது. நழுவுகிறார், முறைக்கிறார், பேச்சை மாற்றுகிறார். இது என் முறை என்று அவள் வாய்விட்டுக் கேட்ட பிறகும் அசையவில்லை. அதனால்தான் எனக்கு அந்த உணவகக் காட்சி ரொம்பப் பிடிக்கும். ஜூலியும் அவள் காதலன் மேட் சரசனும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்கிறார்கள். எரிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, திருமணம் என்றால் ஒருவர் சொல்வதை ஒருவர் உண்மையாகக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், பெரிய விட்டுக்கொடுத்தல்கள் வேண்டும் என்று உபதேசம் செய்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டாமியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை, எழுந்து போய்விடுகிறாள். ஊருக்கு உபதேசம், வீட்டுக்கு இல்லை! அந்த மனுஷனுக்கு அப்போதுகூட முழுசாக உறைத்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு நடுவே ஒரு கடைவளாகத்தில் அவளைத் தேடிப் போய், என்னையும் பிலடெல்பியாவுக்குக் கூட்டிக்கொண்டு போவாயா என்று கேட்கிறார். கேட்கும் தொனியைக் கவனியுங்கள், வரம் கொடுக்கிற தொனி கிடையாது. தியாகம் என்று கொண்டாடுவது பார்க்கும் நாம்தான், தொடர் அதைப் பாக்கி தீர்ப்பதாகத்தான் எடுத்திருக்கிறது. ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. பிலடெல்பியாவில் எரிக்கின் மைதானத்தைக் காட்டும் அளவுக்கு டாமியின் அலுவலகத்தைக் காட்டவில்லை. யாருக்காக அந்த ஊருக்குப் போனார்களோ அவள் வேலை செய்வதை இன்னும் ரெண்டு நிமிஷம் கூடுதலாகக் காட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஒரு சீசன் முன்னால் முதல் ஆட்டத்தையே பாதியில் விட்டுக்கொடுத்த அணி, மறு வருஷம் மாநில சாம்பியனா? காதில் பூ இல்லையா?

பூதான். நான்காவது சீசன் முதல் எபிசோடில் பையன்கள் அடிபட்டு ரத்தம் வழிந்து கிடப்பதைப் பார்த்து, இடைவேளையோடு ஆட்டத்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறார் எரிக். அங்கிருந்து அடுத்த வருஷமே கோப்பை என்பது நம்ப முடியாத வேகம். ஆனால் ஜெயித்த கையோடு அந்த அணியே இல்லாமல் போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காசு இல்லை, ஊரில் ஒரு ஃபுட்பால் அணிதான் இருக்க முடியும் என்று பள்ளி வாரியம் முடிவு செய்கிறது. எந்த அணி தப்பிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை, பாந்தர்ஸ்தான். எட்டு மாதம் கழித்து வின்ஸ் பாந்தர்ஸ் உடையில் நிற்கிறான். எரிக்கிடம் நீட்டப்பட்ட அந்த ஐந்து வருட ஒப்பந்தமும் இப்படி இணைத்து உருவாக்கும் அணிக்குத்தான். கோப்பையை ஏழைப் பள்ளி வெல்லும், ஆட்டக்காரர்களைப் பணக்காரப் பள்ளி எடுத்துக்கொள்ளும். இந்தப் பாதியில் பூவே இல்லை.

வின்ஸாக நடித்தவரை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே?

மைக்கேல் பி. ஜோர்டன். ‘க்ரீட்’, ‘பிளாக் பாந்தர்’ எல்லாம் பிறகு வந்தவை. மேட்டின் நண்பன் லாண்ட்ரியாக வரும் ஜெசி பிளெமன்ஸும் அப்போது சின்னப் பையன்தான்.

எமி விருது கிடைத்ததா? எந்தத் தேதியில் ஒளிபரப்பானது என்பதில் இணையத்தில் ரெண்டு தேதி வருகிறது.

ரெண்டுமே சரி. மூன்றாவது சீசனிலிருந்து செலவைப் பகிர்ந்துகொள்ள டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் நிறுவனம் சேர்ந்துகொண்டது. முதலில் அவர்கள் சேனலில், சில மாதம் கழித்து என்பிசியில். அப்படித்தான் இறுதி எபிசோடு 2011 பிப்ரவரி 9, 2011 ஜூலை 15 என்று இரண்டு முறை வந்தது. ரேட்டிங் எப்போதும் சுமார்தான், அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இரண்டாவது சீசனோடு மூடியிருப்பார்கள். 2011-இல் இந்த எபிசோடுக்காக ஜேசன் கேடிம்ஸ் சிறந்த எழுத்துக்கான எமி வாங்கினார், அதே வருஷம் சிறந்த நடிகர் கைல் சாண்ட்லர். கானி பிரிட்டனுக்குக் கொடுக்காதது அநியாயம்.

இரண்டாவது சீசன் ஏன் திடீரென்று நிற்கிறது? கடைசி எபிசோடு மாதிரியே இல்லை.

கடைசி எபிசோடாக எழுதப்படவில்லை, அதனால்தான். 2007 நவம்பரில் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது, 22 எபிசோடு வர வேண்டிய சீசன் 15-இல் நின்றுவிட்டது. அந்த வருஷ ஆட்டம் எப்படி முடிந்தது என்பதை மூன்றாவது சீசன் தொடக்கத்தில் போகிற போக்கில் சொல்லிவிடுவார்கள். லாண்ட்ரி கொலை செய்கிற அந்தக் கிளைக்கதை... அதைப் பற்றி யாரும் பேசாமல் இருப்பதே நல்லது.

டில்லன் மாதிரி ஊர் உண்மையில் இருக்கிறதா, சார்?

சார் இல்லை, அக்கா. பரவாயில்லை.

வேர் இருக்கிறது. மேற்கு டெக்சாஸில் ஒடெஸா என்ற எண்ணெய் ஊர், அங்கே பெர்மியன் உயர்நிலைப் பள்ளி. அதன் 1988 சீசனைக் கூடவே இருந்து பார்த்து எச். ஜி. பிஸிங்கர் எழுதிய புத்தகம் 1990-இல் வந்தது. ஊரின் இனப் பாகுபாடு, படிப்பைவிட ஆட்டத்துக்கு இருந்த மரியாதை எல்லாம் அதில் இருந்ததால், மிரட்டல் வந்து அவரால் அந்த ஊருக்குப் புத்தகத்தோடு போக முடியவில்லை. அந்த வருஷம் அரையிறுதியில் டாலஸின் கார்ட்டர் பள்ளியிடம் 14-9 என்று பெர்மியன் தோற்றது. 2004-இல் பீட்டர் பெர்க் எடுத்த சினிமா அதை இறுதி ஆட்டமாக மாற்றிக்கொண்டது. சினிமாவிலும் கோச்சின் மனைவி கானி பிரிட்டன்தான், ஆனால் வசனம் சொற்பம். பெர்க்கே தொடரையும் உருவாக்கினார், படப்பிடிப்பு ஆஸ்டினிலும் சுற்று வட்டாரத்திலும்.

பணம் விஷயத்தில் தொடர் மிகைப்படுத்துகிறது என்று நினைப்பவர்களுக்கு: டெக்சாஸின் ஆலன் நகரில் பள்ளிக்கென்றே 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் மைதானம் கட்டி 2012-இல் திறந்தார்கள். கான்கிரீட்டில் விரிசல் விட்டு 2014-இல் பூட்டிப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று.

ஏன் வெள்ளிக்கிழமை?

சனிக்கிழமை கல்லூரி அணிகளுக்கு, ஞாயிறு தொழில்முறை என்எஃப்எல்லுக்கு. வெள்ளி இரவு பள்ளிகளுடையது. இது வெறும் பழக்கம் மட்டும் இல்லை, 1961-இல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டமே பள்ளி சீசன் நடக்கும் மாதங்களில் வெள்ளி இரவில் என்எஃப்எல் ஆட்டங்களை டிவியில் போடுவதற்குத் தடையாக இருக்கிறது. பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று.

ரிக்கின்ஸ் முடிவு எனக்கு ஏமாற்றம். டைராவோடு சேர்த்து வைத்திருக்கலாமே?

பாந்தர்ஸின் பழைய ஆட்டக்காரன் டிம் ரிக்கின்ஸ் எங்கே இருந்து வருகிறான் என்று பாருங்கள். நான்காவது சீசன் முடிவில், திருட்டுக் கார் பாகங்கள் விற்ற வழக்கில் அண்ணன் பில்லிக்குக் குழந்தை இருக்கிறது என்பதால் பழியைத் தான் ஏற்று போலீஸ் நிலையத்துக்குள் நடந்து போகிறான். சிறையிலிருந்து வந்தவன் அண்ணன் முகத்தைப் பார்க்கக்கூடத் தயாராக இல்லை. கடைசியில் அதே அண்ணனோடு தன் நிலத்தில் வீடு கட்டுகிறான். அதுதான் அவனுக்குத் தேவைப்பட்ட சமாதானம். அவன் பழைய காதலி டைராவுக்குப் படிப்பு, வெளியுலகம் என்று கனவுகள் இருக்கின்றன, இவனுக்கு இந்த மண்ணை விட்டு நகர மனசில்லை. என்றாவது இரண்டும் சேரலாம் என்று பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இருபது வயசில் இதற்கு மேல் உறுதி கொடுத்திருந்தால் நான்தான் நம்பியிருக்க மாட்டேன்.

எந்த சீசன் முடிவு உங்களுக்கு முதலிடம்?

தொடருக்கு முடிவு என்ற வகையில் ஐந்தாவது. தனி எபிசோடாக எடுத்தால் நான்காவது, நன்றித் திருநாள் எபிசோடு. லயன்ஸுக்கு எந்தப் பட்டமும் கிடைக்கப் போவதில்லை, பாந்தர்ஸைத் தோற்கடிப்பது மட்டும்தான் மிச்சம். இசைக்குழுவில் வாசிக்கிற, ஆட்டத்துக்கே ஒட்டாத லாண்ட்ரியின் காலில் வந்து நிற்கிறது அந்த மூன்று புள்ளி. ஒத்திகை இல்லாமல், மூன்று கேமராக்களைத் தோளில் வைத்துக்கொண்டு நடிகர்கள் பின்னால் ஓடி எடுக்கும் இவர்கள் பாணி அந்த எபிசோடில் உச்சத்தில் இருக்கும்.

கடைசி எபிசோடை மட்டும் என் கணவருக்குப் போட்டுக் காட்டலாமா? 76 எபிசோடு பார்க்கப் பொறுமை இல்லாதவர்.

அது மட்டும் பார்த்தால் யார் யாருக்காக அழுகிறார்கள் என்றே புரியாது. பிலடெல்பியாவில் எரிக் புது அணியிடம் ‘க்ளியர் ஐஸ், ஃபுல் ஹார்ட்ஸ்’ என்று சொல்லிவிட்டு நிற்கிறார், பையன்கள் திருதிருவென்று முழிக்கிறார்கள். அதற்குப் பதிலாக ‘கான்ட் லூஸ்’ என்று டில்லன் பையன்கள் கத்தியதைக் கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் அங்கே சிரிப்பு வரும். முதல் சீசனின் முதல் எபிசோடையும் கடைசி எபிசோடையும் போடுங்கள், அப்புறம் நான்காவது, ஐந்தாவது சீசன்களை முழுசாக. 28 எபிசோடுதான் ஆகிறது. உணவகக் காட்சி வரும்போது மட்டும் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், அவர் முகம் எப்படிப் போகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.