தீர்மானமா, மசோதாவா, அறிவிப்பா? சட்டமன்றம் பற்றி டெல்டா வாசகர்களின் கேள்விகள்

காவிரியில் தண்ணீர் விடச் சொல்லி 2023 அக்டோபரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மேகேதாட்டு அணைக்கு எதிராகவும் போட்டார்கள். அதற்குப் பிறகும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையே, பிறகு எதற்குத் தீர்மானம்?
– குறுவை விவசாயி, திருத்துறைப்பூண்டி

தீர்மானம் என்பது சபையின் கருத்து. அதற்கு ஆளுநரின் ஒப்புதல் தேவையில்லை, சட்ட எண் கிடையாது, மீறினால் தண்டனையும் கிடையாது. 2023 அக்டோபர் 9 தீர்மானம் ஒன்றிய அரசைப் பார்த்து, ‘கர்நாடகத்துக்கு உத்தரவிடுங்கள்’ என்று வலியுறுத்தியது. 2022 மார்ச் 21 மேகேதாட்டு தீர்மானமும் அதே வகைதான். வலியுறுத்தலாம், ஆணையிட முடியாது.

தண்ணீரைப் பொறுத்தவரை ஆணையிடும் இடம் வேறு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பில்லிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தது. அதை மாதவாரியாகக் கணக்குப் பார்த்து விடச் செய்வது காவிரி மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும். உங்கள் குறுவைக்கு வேண்டிய கணக்கு இது: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76 டி.எம்.சி. விவசாயிகள் சங்கம் மனுக் கொடுப்பதாக இருந்தால், ‘தீர்மானத்தை நிறைவேற்றுக’ என்று எழுதுவதைவிட, எந்த மாதத்துக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதி நீர்வளத் துறைக்குக் கொடுங்கள். ஆணையத்தின் கூட்டத்தில் நம் அதிகாரிகள் பேசுவது அந்த எண்ணை வைத்துத்தான்.

அதற்காகத் தீர்மானத்தை வெறும் காகிதம் என்றும் ஒதுக்கிவிட வேண்டாம். மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 டிசம்பர் 9-இல் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. ஊர் மக்களின் தொடர் போராட்டம் பின்னால் நின்றதால் வந்த பலன் அது. தீர்மானம் மட்டும் தனியாக நின்றால் கோப்பில்தான் கிடக்கும்.

எங்கள் ஊர் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மண்டலத்துக்குள் இருந்தும் பழைய எண்ணெய்க் கிணறு ஓடிக்கொண்டுதான் இருக்கிறதே?
– வாசகர், மன்னார்குடி

அதிகம் வரும் கேள்வி இது. குழப்பமும் அதிகம், அதனால் விரிவாகவே பார்ப்போம்.

தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020 பிப்ரவரி 20 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. சட்டத்தின் உயிர் அதன் பின்னால் உள்ள இரண்டு அட்டவணைகளில் இருக்கிறது. முதல் அட்டவணை இடங்களைச் சொல்கிறது: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுவதும்; கடலூரில் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள்; புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்கள். நீங்கள் மன்னார்குடி, அதாவது திருவாரூர் மாவட்டம், எனவே உள்ளேதான் இருக்கிறீர்கள். திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் இந்தச் சட்டத்தில் இல்லை. காவிரி பாய்கிறது என்பதாலேயே மண்டலத்தில் இருப்பதாக அந்த ஊர்க்காரர்கள் நம்பிவிடக் கூடாது.

கடலூர், புதுக்கோட்டைக்காரர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அட்டவணை ஒன்றியத்தைச் சொல்கிறது. உங்கள் பட்டாவில் இருப்பது வட்டம். இரண்டும் ஒன்றல்ல. நெடுவாசல் ஆலங்குடி வட்டத்தில் இருந்தாலும் திருவரங்குளம் ஒன்றியத்தைச் சேர்ந்தது என்பதால்தான் மண்டலத்துக்குள் வருகிறது. மனுவில் வட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால், ‘பட்டியலில் அப்படி ஓர் இடம் இல்லையே’ என்று பதில் வரலாம். ஊராட்சி, ஒன்றியம் இரண்டையும் எழுதுங்கள்.

இரண்டாம் அட்டவணை தடை செய்யப்பட்ட தொழில்களைச் சொல்கிறது. துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலை, இரும்புத் தாது பதப்படுத்தும் ஆலை, ஒருங்கிணைந்த எஃகு ஆலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைப்பு ஆகியவற்றோடு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு உட்பட எண்ணெய், இயற்கை எரிவாயு ஆய்வும் துளையிடலும் எடுத்தலும் அதில் அடங்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இந்தத் தடை ‘புதிய’ திட்டத்துக்கும் புதிய செயல்பாட்டுக்கும்தான். சட்டம் நடைமுறைக்கு வருமுன் நடந்துகொண்டிருந்தவற்றை அது தொடாது. துறைமுகம், குழாய்ப் பாதை, சாலை, மின்சாரம், குடிநீர் போன்ற உள்கட்டமைப்புப் பணிகளுக்கும் விலக்கு உண்டு. எனவே பழைய கிணறு இயங்குவதால் மட்டும் சட்டமீறல் ஆகாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த வளாகத்தில் இப்போது நடக்கும் வேலை பழைய கிணற்றின் பராமரிப்பா, புதிதாகத் துளையிடுவதா? மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும், எந்தத் தேதியில், எந்தக் கிணற்றுக்கு, எந்த வேலைக்கு அனுமதி தரப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஆணை நகல் கேளுங்கள். ‘ஏன் அனுமதித்தீர்கள்’ என்று கேட்டால் பதில் வராது. நகல் கேட்டால்தான் வரும்.

2023-இல் நடந்த ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதி ஆகிய மூன்று நிலக்கரிச் சுரங்கப் பகுதிகள் இருந்தன. வடசேரியும் சேத்தியாத்தோப்புப் பகுதியும் வேளாண் மண்டலத்தில் வருகின்றன, சட்டத்தைக் காட்ட முடிந்தது. மைக்கேல்பட்டி அரியலூர் மாவட்டம். அங்கே காட்டச் சட்டம் இல்லை, ‘இதுவும் வளமான விளைநிலம்’ என்றுதான் வாதாட முடிந்தது. எதிர்ப்பு வலுத்ததால் அந்த ஏப்ரலிலேயே மூன்றும் நீக்கப்பட்டன. அடுத்த முறையும் அப்படியே நடக்கும் என்று அரியலூர்க்காரர்கள் இருந்துவிட முடியாது.

மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனதால் வேளாண் மண்டலத்திலிருந்து விழுந்துவிட்டது என்கிறார்களே?
– ஆசிரியர், சீர்காழி

சட்டம் வந்தபோது நீங்கள் நாகப்பட்டினம் மாவட்டம். 2020 டிசம்பரில் மாவட்டம் பிரிந்தது. அட்டவணையில் மயிலாடுதுறை என்ற பெயர் இல்லாததால் சந்தேகம் எழுந்தது நியாயமே. 2023 அக்டோபரில் திருத்த மசோதா கொண்டுவந்து பெயரைச் சேர்த்தார்கள். சட்டத்தின் பழைய பிரதியை வைத்துக்கொண்டு வாதிடாதீர்கள். திருத்தச் சட்டத்தின் நகலும் கையில் இருக்கட்டும்.

கும்பகோணத்துக்கு கலைஞர் பல்கலைக்கழகம் என்று மசோதா நிறைவேறியதே. கல்லூரிச் சான்றிதழில் இன்னும் பழைய பெயர்தானே இருக்கிறது?
– கல்லூரி மாணவரின் தந்தை, கும்பகோணம்

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்து, அந்த மாதமே மசோதாவையும் நிறைவேற்றினார்கள். சபை நிறைவேற்றிய மசோதா சட்டம் ஆக வேண்டுமானால் ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். அரசியலமைப்பின் 200-ஆவது பிரிவுப்படி அவர் ஒப்புதல் தரலாம், மறுஆய்வுக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் முடிவுக்கு அனுப்பலாம். இந்த மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அதை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது.

திருப்பி அனுப்பப்பட்ட மசோதா என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் இணையவழிச் சூதாட்டத் தடை மசோதா. 2022 அக்டோபரில் நிறைவேறியது, 2023 மார்ச்சில் திரும்பி வந்தது, மார்ச் 23-இல் சபை மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரல் 7-இல் ஒப்புதல் கிடைத்தது. இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பினால் ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்பது அதே பிரிவு.

காலக்கெடு உண்டா என்று பலர் கேட்கிறார்கள். 2025 ஏப்ரல் 8 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளச் சொன்னது, காலக்கெடுவும் வைத்தது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் பேரில் 2025 நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் ஆனதாகக் கொள்ளவும் முடியாது என்றது. காரணமில்லாமல் நெடுங்காலம் கிடப்பில் போட்டால் மட்டும் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாம். ஆகவே யாராவது ‘மூன்று மாதத்தில் வந்துவிடும்’ என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒப்புதல் வந்தாலும் வேலை முடிந்துவிடாது. சட்டத்தின் முதல் பிரிவின் கடைசி உட்பிரிவைப் பாருங்கள். ‘அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் நாளில் நடைமுறைக்கு வரும்’ என்று இருந்தால், அந்த அறிவிக்கை வரும்வரை சட்டம் தூக்கத்தில்தான். தமிழ்நாடு அரசிதழில் சட்டங்கள் பகுதி IV, பிரிவு 2-இல் வரும். மசோதாக்கள் அதே பகுதியின் பிரிவு 1-இல். எழுதுபொருள், அச்சுத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

எங்கள் ஊருக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையக் கட்டடம் கட்டப்படும் என்று சட்டமன்றத்தில் அமைச்சர் சொன்னார். நெல் இன்னும் தார்ப்பாய்க்கு அடியில்தான் நனைகிறது. யாரைக் கேட்பது?
– வாசகர், ஒரத்தநாடு

முதலில், அமைச்சர் எந்த இடத்தில் சொன்னார் என்று பாருங்கள். சட்டமன்ற விதிகளில் 110-ஆவது விதியின் கீழ் வரும் அறிவிப்பின் மீது விவாதம் கிடையாது. மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறையின் செலவுக்குச் சபை ஒப்புதல் தரும் விவாதத்தில், சொன்னது என்றால் அந்தத் துறையின் அறிவிப்புப் பட்டியலில் அதற்கு வரிசை எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘எங்கள் ஊர்க் கட்டடம்’ என்று கேட்பதைவிட ‘இந்த ஆண்டின் இத்தனையாவது அறிவிப்பு’ என்று கேட்டால் கோப்பு சட்டென்று கிடைக்கும்.

அறிவிப்புக்குப் பின் வர வேண்டியது அரசாணை. அதில் நிர்வாக ஒப்புதல், தொகை, எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து பணம் என்பது இருக்கும். பிறகு இடம், மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி. கட்டடப் பணி பெரும்பாலும் தடைபட்டு நிற்பது இடப் பிரச்சினையில்தான்: புறம்போக்கு என்று காட்டிய இடம் பதிவேட்டில் வாய்க்கால், களம், கோயில் நிலம் என்று இருந்துவிடும், வருவாய்த் துறையிலிருந்து நில மாற்றம் வராது. இது சென்னையில் தீர்கிற விஷயமில்லை, வட்டாட்சியர் அலுவலகத்தில் தீர வேண்டியது.

கூட்டுறவு, உணவுத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் மனுப் போட்டு மூன்றே விஷயம் கேளுங்கள்: அரசாணையின் எண், நாள், நகல்; ஒதுக்கிய தொகை, விடுவித்த தொகை; பணி தற்போது எந்த நிலையில், எந்த அலுவலகத்தில் உள்ளது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். பலர் இந்த இரண்டாவது கடிதத்தைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

அமைச்சர் சபையில் ‘செய்வோம்’ என்று உறுதி சொல்லியிருந்தால், அதைக் கண்காணிக்கவே சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. குழு மாவட்டத்துக்கு வரும்போது, சபைக் குறிப்பின் தேதியோடு ஒரு பக்க மனு கொடுங்கள். தேதியில்லாத மனுவை வைத்துக் குழு எதையும் தேட முடியாது.

மசோதாவில் ஒரு வரியை மாற்றச் சொல்ல, சாதாரண விவசாயிக்கு வழி உண்டா?
– உழவர் உற்பத்தியாளர் குழு உறுப்பினர், பேராவூரணி

வழி உண்டு, நேரம்தான் இல்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் கட்டுக்கட்டாக மசோதாக்கள் வருவதும், குரல் வாக்கெடுப்பில் சில நிமிடங்களில் நிறைவேறுவதும் எந்தக் கட்சி ஆண்டாலும் மாறாத பழக்கம். மசோதாவை ஆராயும் உறுப்பினர்களின் தெரிவுக் குழுவுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது அபூர்வம். உங்கள் பகுதிக்கு நேரடியாகத் தொடர்புள்ள நில ஒருங்கிணைப்புச் சட்டமும் 2023 ஏப்ரல் 21-இல் இப்படித்தான் நிறைவேறியது. 100 எக்டேருக்குக் குறையாத, ஏரி, ஓடை, வாய்க்கால் அடங்கிய நிலத்தைச் சிறப்புத் திட்டத்துக்காக ஒருங்கிணைக்க வழி செய்யும் சட்டம் அது. ஏரிப் பாசனக்காரர்கள் அதன் பெயரையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

திருத்தத்தை உறுப்பினர் மட்டுமே கொடுக்க முடியும், அதுவும் முன்கூட்டி எழுத்தில். எனவே எம்.எல்.ஏ.விடம் குறையைச் சொல்லாமல் வாசகத்தைக் கொடுங்கள்: ‘பிரிவு இத்தனை, உட்பிரிவு இத்தனையில், இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள்’ என்று. உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. கொடுக்காவிட்டாலும் எதிர்க்கட்சி உறுப்பினர் யாராவது கொடுக்கலாம். திருத்தம் தோற்றாலும் அது சபைக் குறிப்பில் ஏறும்.

அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு விதிகள். சட்டத்துக்கு அரசு வகுக்கும் விதிகளின் வரைவு அரசிதழில் வந்து ஆட்சேபணை கேட்கப்பட்டால், கெடு நாளுக்குள் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் சேர்ந்து ஒரே கடிதத்தின் நகலில் நூறு கையெழுத்துப் போடுவதைவிட, சர்வே எண்ணும் பாசனப் பரப்பும் போட்ட பத்துக் கடிதங்களுக்கு மதிப்பு அதிகம்.

தேர்தல் வந்து சபை கலைந்தால் நிலுவை மசோதாக்கள் என்ன ஆகும்? நிறைவேறிய மசோதாவை அரசே திரும்பப் பெறலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

சபையில் நிலுவையில் இருப்பது காலாவதி ஆகும். புதிய சபை முதலிலிருந்து தொடங்க வேண்டும். சபை நிறைவேற்றி ஆளுநரிடமோ குடியரசுத் தலைவரிடமோ இருப்பது காலாவதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. திரும்பப் பெறுவதும் நடந்திருக்கிறது: 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21-இல் நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும் மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள்.