லால்பாக் வெளிச்சம், பிருந்தாவன் நிழல்

படம் எடுப்பது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் ரயில்தான் அதிகம். கோட்டை அடுத்து. ஒருவர் மட்டும் தன் வீட்டுப் பூனையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவருக்குத் தனியாக எழுதுகிறேன்.

காட்பாடியில் காலை நேரத்தில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸை எத்தனை தடவை எடுத்தாலும் என்ஜின் முகம் கறுப்பாகவே விழுகிறது. என் போன் பழசு என்பதாலா?
(கல்லூரி மாணவர், காட்பாடி)

போனைத் திட்டாதீர்கள் தம்பி, அது பிருந்தாவனின் ஜாதகம். நம் பக்கத்தில் சென்னை – ஜோலார்பேட்டை லைன் ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் போகிறது. காலையில் பிருந்தாவன் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிறது. மேற்கே பார்த்து ஓடுகிற வண்டிக்கு வெயில் முதுகில் விழும். சாயங்காலம் அங்கிருந்து திரும்பும்போது முகம் கிழக்கே, சூரியன் மேற்கே. அப்போதும் முதுகில்தான்.

லால்பாக் எக்ஸ்பிரஸ் அப்படியே தலைகீழ். காலையில் பெங்களூரிலிருந்து சென்னை போகும்போது எதிர்வெயில், மாலையில் சென்னையிலிருந்து திரும்பும்போதும் எதிர்வெயில். போகும்போதும் வரும்போதும் முகத்தில் வெளிச்சம் வாங்கிக்கொண்டே போகிற அதிர்ஷ்டக்கார வண்டி. ஒரு வாரம் லால்பாக்கை எடுத்துப் பாருங்கள். அதே போன்தான், படம் மட்டும் வேறாக இருக்கும்.

இன்னொன்று, தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, தென்பக்கம் நின்றால் பெட்டிகளின் பக்கவாட்டிலும் வெளிச்சம் கிடைக்கும். ஆனி மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், நாமும் வடக்கே போக வேண்டியதுதான். நடுவில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளையில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அந்த நாட்களில் மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுப் படுப்பது உத்தமம்.

படம் கலங்குகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு வினாடியில் சுமார் 28 மீட்டர் நகர்கிறது. ஷட்டரை 1/250 வினாடியில் வைத்தால் அது திறந்து மூடுவதற்குள் வண்டி 11 சென்டிமீட்டர் போய்விடும். 1/1000 வைத்தால் மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும். போனில் 'ப்ரோ' என்று ஒரு பகுதி இருந்தால் அதில் இதை மாற்றலாம். இல்லாவிட்டால் நல்ல வெயிலில் எடுங்கள், போனே ஷட்டரை வேகமாக்கிக்கொள்ளும். சில போன்களில் பக்கவாட்டில் எடுத்தால் ஜன்னல்கள் எல்லாம் சாய்ந்து விழும். போன் படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை, வரி வரியாகப் படிக்கிறது. கடைசி வரியைப் படிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. வண்டியைக் குறுக்கே எடுக்காமல், எதிரே வரும்போது கொஞ்சம் சாய்வான கோணத்தில் எடுத்தால் இது தெரியாது.

எதிரே என்றால் பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம். தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. அதைவிட முக்கியம், மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட். செல்ஃபி குச்சியை அந்தப் பக்கம் நீட்டவே வேண்டாம்.

வேலூர்க் கோட்டையை எடுத்தால் மதில் பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி வருகிறது. கல்லும் சாம்பல் பூசினாற்போல் இருக்கிறது. எந்த நேரத்தில் போகலாம்?
(இல்லத்தரசி, குடியாத்தம்)

முதலில் சாய்வு. நீங்கள் மதிலுக்குப் பக்கத்தில் நின்று போனை அண்ணாந்து பிடிக்கிறீர்கள். அண்ணாந்து பார்க்கிற எதுவும் சாயும். அகழிக்கு இந்தப் பக்கம், ரோட்டோரம் வரை பின்னால் வந்துவிடுங்கள். போனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கீழே தண்ணீர் நிறைய விழுமே என்றால் விழட்டும், அதில்தான் மதிலின் நிழல் இருக்கிறது. வேண்டாத பகுதியை வீட்டுக்குப் போய் வெட்டிக்கொள்ளலாம்.

நேரம் விஷயத்தில் பஞ்சாங்கத்தை நம்பாதீர்கள். ஊருக்குக் கிழக்கே, நம் வேலூர் சைதாப்பேட்டைப் பக்கம் மலைகள் நிற்கின்றன. சூரியன் அவற்றின் மேல் ஏறி வந்து கோட்டையைத் தொட இருபது நிமிஷமோ அரை மணியோ கூடுதலாகும். அண்ணா சாலைப் பக்கம் கிழக்கு பார்த்த மதில். அங்கே நின்றால் முதலில் மேல் வரிசைக் கற்கள் மட்டும் மஞ்சளாகும், பிறகு வெயில் மெதுவாகக் கீழே இறங்கி அகழித் தண்ணீரைத் தொடும். காற்று எழும்பாத அந்தக் கொஞ்ச நேரம்தான் கோட்டை. ஒன்பது மணிக்குமேல் போனால் உங்களுக்குக் கிடைத்த அதே சாம்பல்தான்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் வெளிப் பிரகாரத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அங்கே எல்லாரும் முழு மண்டபத்தையும் ஒரே படத்தில் அடைக்கப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு தூணை எடுங்கள். முன்கால் தூக்கிய குதிரை, மேலே வீரன், யாளி. பக்கவாட்டில் வெளிச்சம் வரும்போது குதிரையின் கடிவாளம்கூடத் தனியாக எழுந்து நிற்கும். ஃப்ளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும், அணைத்துவிடுங்கள். கருவறைப் பக்கம் கேமராவே வேண்டாம். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, சும்மா எடுப்பதற்குத் தடையில்லை, முக்காலி வைக்க அனுமதி வாங்க வேண்டும்.

அப்புறம் அம்மா, லென்ஸைத் துடைத்தீர்களா? சமையலறையில் இருந்து வருகிற போன்களில் பாதிக்கு எண்ணெய்ப் படலம்தான் வியாதி. புடவைத் தலைப்பு போதும்.

என்ன கேமரா வாங்கலாம்? பட்ஜெட் முப்பதாயிரம்.
(வாசகர், ராணிப்பேட்டை)

கையில் இருக்கிற போனில் முந்நூறு படம் எடுத்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அதுவரை முப்பதாயிரம் பத்திரமாக இருக்கட்டும்.

பேரனுக்கு ரயில் பைத்தியம், எனக்குச் சரித்திரம். இருவரும் ஒரே நாளில் கேமராவோடு சுற்ற நம் பக்கத்திலேயே இடம் சொல்லுங்கள்.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு)

ஐயா, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி எங்கே வந்தது? வாலாஜா ரோட்டுக்கு. பேரனிடம் இதைச் சொல்லிவிட்டு அந்த ஸ்டேஷனில் நிறுத்துங்கள். இப்போது பல வண்டிகள் நிற்காமல் பறக்கிற ஸ்டேஷன் என்பதால் அவனுக்குக் கொண்டாட்டம். ஊர் பெயர்ப் பலகையைப் படத்தின் ஒரு ஓரத்தில் வைத்து, வண்டி அதைத் தாண்டும்போது அமுக்கச் சொல்லுங்கள். முதல் பத்தில் என்ஜின் வராது, பலகையும் பாதிப் பெட்டியும்தான் வரும். பையன் கற்றுக்கொள்வான், நீங்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறியதும் ஆற்காடு திரும்பி, பாலாற்றங்கரை டெல்லி கேட். 1751-ல் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் மிஞ்சியது இந்த வாசல்தான். வளைவுக்குள் நிழலில் நின்று வெளியே பார்த்து எடுங்கள், உச்சிவெயிலில் எடுக்கத் தகுந்த படம் அது ஒன்றுதான். போன் திரையில் வெளிச்சமான இடத்தை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். வாசல் கறுப்புச் சட்டமாக நிற்கும், நடுவில் பேரன் நிற்கலாம்.

இன்னொரு நாள் மேற்கே வருவதானால் விரிஞ்சிபுரம். திருவிரிஞ்சை மதிலழகு என்பார்கள். மதிலை விடுங்கள், உள்ளே நிழலை வைத்து மணி பார்க்கிற கல் ஒன்று இருக்கிறது. வெளிச்சத்தைப் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல கரும்பலகை உங்களுக்குக் கிடைக்காது.

ஸ்டேஷனில் போனைத் தூக்கினாலே சிலர் தடுக்கிறார்கள். எடுக்கலாமா, கூடாதா?
(வாசகி, ஆம்பூர்)

போனவுடன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சரி என்றால் எடுங்கள், வேண்டாம் என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஃபிலிம் காலத்தில் நான் சொல்லாமல் எடுத்தேன். ஊர் பெயர் வேண்டாம். காவலுக்கு நின்றவர் கேமராவின் முதுகைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ரயில் படம் இரண்டு, அதற்கு முன் எடுத்த ஒரு காதுகுத்து இருபத்திரண்டு, எல்லாம் வெயிலில் வெந்தன. ரயிலை மறுபடி எடுத்துவிட்டேன். குழந்தைக்கு மறுபடி காது குத்த முடியுமா? அந்த வீட்டுத் தெரு வழியாக ரொம்ப நாள் நான் போகவில்லை.

பாலாற்றில் தண்ணீரே இல்லை. இயற்கைக் காட்சி என்று எதை எடுப்பது?
(வாசகர், வேலூர்)

நம் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லா கோயில், ராஜா இல்லாத கோட்டை. இன்னும் ஒன்றிரண்டு சேர்ப்பார்கள், அது நமக்கு வேண்டாம். இதில் கோட்டைக் கோயிலுக்குச் சாமி 1981-ல் திரும்பி வந்துவிட்டார். ஆற்றுக்குத் தண்ணீர் 2021 நவம்பரில் வந்தது, கரை கொள்ளாமல். அன்றைக்குப் பாலத்தில் கூடிய கூட்டத்தில் நானும் ஒருவன். நான் எடுத்த நாற்பது படத்திலும் பழுப்பு நிறத் தண்ணீர்தான். ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை.

எனக்குப் பிடித்தது வற்றிய ஆறுதான். மாலை ஐந்தரைக்கு மணலில் கால்தடங்களுக்கெல்லாம் நிழல் விழும், ஒரு ஆட்டு மந்தை போனால் மணல் முழுக்கப் பொறி பொறியாகத் தெரியும். காட்பாடிக்கும் வேலூர் கன்டோன்மென்டுக்கும் நடுவில் ரயில் பாலாற்றைத் தாண்டுகிறது. கரையில் எட்ட நின்று பாலத்தைப் படத்தின் மேல் பாதியில் வையுங்கள், கீழே மணல் மட்டும். வண்டி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும், அந்த லைனில் வண்டிகள் குறைவு. சுண்டல் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.

எடுக்காமல் விட்டோமே என்று நீங்கள் நினைக்கிற படம் எது?
(கல்லூரி மாணவி, திருப்பத்தூர்)

காட்பாடி – விழுப்புரம் மீட்டர்கேஜ். 2010-ல் அது அகலப் பாதையாகத் திறந்தது. அதற்கு முன் எத்தனையோ வருஷம் அந்தச் சின்ன வண்டி போய்க்கொண்டிருந்தது. நான் கையில் கேமராவோடு பிழைக்கிறவன், தினம் ரயில்வே கேட்டில் அதற்காக சைக்கிளை நிறுத்தி முணுமுணுத்தவன். ஒருநாளும் எடுக்கத் தோன்றவில்லை.

ஸ்டூடியோவை மூடியபோது பழைய நெகட்டிவ்களைக் குப்பைக்குப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போன் திரையை வெள்ளையாக வைத்து, அதன்மேல் நெகட்டிவை வைத்து, இன்னொரு போனால் எடுத்து நிறத்தைப் புரட்டினால் படம் தெரியும். உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். அப்படி ஒன்று கிடைத்தது. வேலூர் கன்டோன்மென்ட் பிளாட்பாரம், திருவண்ணாமலைக்குக் கிளம்பும் என் மாமனார், கையில் சாக்கில் கட்டிய பலாப்பழம். அவர் முகம் தெளிவாக இருக்க வேண்டும், பின்னால் வண்டி விழக்கூடாது என்று அன்றைக்கு நான் இரண்டடி நகர்ந்து நின்றது நினைவிருக்கிறது. அதையும் மீறி வலது ஓரத்தில் ஒரு ஜன்னல் விழுந்துவிட்டது. குறுக்குக் கம்பிகள் மூன்று, அதில் ஒன்றைப் பிடித்திருக்கிற யாரோ ஒரு பெண்ணின் வளையல் கை.