அசதிக்கு ஒருவர் சத்து ஊசி போடுகிறார், இன்னொருவர் மனச்சோர்வு என்கிறார். எதை நம்புவது?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கும் 38 வயது அக்காவுக்கு ஆறு மாதமாக அசதி, தூக்கமின்மை என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பு இரண்டு பக்கமும் நடக்கும்: மனச்சோர்வை உடம்புக் கோளாறு என்பதும் உண்டு, உடம்புக் கோளாறை மனச்சோர்வு என்பதும் உண்டு. இந்தக் கரையில் மனச்சோர்வு கண்ணில் படாமல் போவது எளிது. "மனசு சரியில்லை" என்று யாரும் டாக்டரிடம் போவதில்லை. "மேலெல்லாம் வலிக்குது, நெஞ்சு படபடங்குது" என்றுதான் சொல்வார்கள். விரலில் துணி சுற்றி நாளெல்லாம் தண்ணீரில் நிற்பவருக்கு வலி இருக்காதா என்று வலி மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள்.

முதலில் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை), சர்க்கரை, முடிந்தால் ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பு) வைட்டமின் பி12-உம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 12-க்கு மேல் இருந்தும் ஃபெரிட்டின் குறைந்தால் அசதி வரலாம். தைராய்டு மந்தமானால் அப்படியே மனச்சோர்வு போலத் தெரியலாம். பிரசவமான முதல் வருடத்தில் இதைக் கட்டாயம் பாருங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் தைராய்டு ரிசல்ட் தப்பாக வரலாம். இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்.

ரத்தம் குறைவு என்று வந்ததும் "அதான் காரணம்" என்று முடித்துவிடாதீர்கள். ரத்தசோகையும் மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கலாம். அக்காவிடம் இப்படிக் கேளுங்கள்: வேலைக்குப் போக ஆசை இருந்தும் உடம்பு வரவில்லையா, போகவே தோன்றவில்லையா? இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாள் எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அங்கே மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று. முன்பு எப்போதாவது நாலைந்து நாள் தூங்காமலே களைப்பில்லாமல், ஓயாத பேச்சும் கைமீறிய செலவுமாக இருந்தாரா? இருந்தால் அது இருதுருவ நோயாக (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோய்) இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் நிலைமை தலைகீழாகி மிகை உற்சாகம் வரலாம். அவருக்கே நினைவிருக்காது, அம்மாவிடம் கேளுங்கள்.

மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். பத்தே நாளில் "கேட்கலை" என்று விட்டுவிடுவதுதான் பெரிய தப்பு. குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். மனநோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவுக்குப் போவதென்றால் மாத்திரையையும் கையோடு கொண்டுபோங்கள்.

"இருந்து என்ன செய்ய" என்ற பேச்சு வந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், ராத்திரியும் தமிழில் பேசலாம்.