ரோலர் கோஸ்டரில் ஏறி வந்த பிறகு படுக்கையில் புரண்டாலே தலை சுற்றுகிறது!

கேள்வி: எனக்கு 52 வயது. எங்கள் 25-ஆவது திருமண நாளைக் கொண்டாட நானும் கணவரும் ஒரு தீம் பார்க் போயிருந்தோம். சின்னப் பிள்ளைகள் மாதிரி கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் ஏறினோம், ரோலர் கோஸ்டரில் இரண்டு முறை. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, காலையில் வலப்பக்கம் புரண்டதும் அறையே சுழன்றது. அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. அதிலிருந்து வலப்பக்கம் புரண்டாலும், மேல் அலமாரியில் எதையாவது எடுக்க அண்ணாந்தாலும் சுற்றுகிறது. அசையாமல் இருந்தால் ஒன்றுமில்லை. காதும் நன்றாகக் கேட்கிறது. மூளையில் ஏதாவது ஆகியிருக்குமோ? ஸ்கேன் எடுக்க வேண்டுமா? கணவருக்கு 57 வயது, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவரும் என்னோடு ஏறினார். இனி இதெல்லாம் வேண்டாமா?

பதில்: முதலில் உங்கள் இருவருக்கும் வெள்ளிவிழா வாழ்த்துகள். நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு பக்கம் புரண்டால் வருகிறது, அண்ணாந்தால் வருகிறது, அரை நிமிடத்தில் அடங்குகிறது, சும்மா இருந்தால் வருவதில்லை. இப்படிச் சொன்னால் நாங்கள் மூளைக்கு முன்னால் காதைத்தான் சந்தேகிப்போம். இதற்குப் பி.பி.பி.வி. என்று பெயர், அதாவது தலையின் நிலை மாறும்போது மட்டும் வரும் தலைசுற்றல். தலைசுற்றலில் மிகவும் அடிக்கடி பார்ப்பது இதுதான், ஆபத்தும் இல்லாதது.

உட்காதில் ஒரு சின்னப் பை இருக்கிறது. அதன் உள்ளே பசை போன்ற ஒரு படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். எது மேல், எது கீழ் என்று உடம்புக்குச் சொல்ல அவை வேண்டும். அந்தத் துகள்களில் சில கழன்று, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழலுக்குள் போய்விட்டால்தான் தொல்லை. அந்தக் குழல் முழுக்கத் திரவம். தலை திரும்புவதை உணர்வது அதன் வேலை. நீங்கள் புரளும்போது துகள்கள் சறுக்கி, திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றன. நீங்கள் புரண்டு முடித்த பிறகும், ‘இன்னும் சுற்றுகிறாய்’ என்று காது மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். துகள்கள் அடியில் படிந்ததும் சுற்றல் நின்றுவிடும். உங்கள் அரை நிமிடக் கணக்கு இதுதான்.

ரோலர் கோஸ்டர்தான் காரணமா? தலை பலமாகக் குலுங்கினால் துகள்கள் கழன்றுவிடலாம். ஆனால் 50 வயதுக்கு மேல், அதிலும் பெண்களுக்கு, எந்தக் காரணமும் இல்லாமலேயே இது வரும். அதனால் பழியை முழுக்க ராட்டினத்தின் மேல் போட முடியாது. இறங்கியவுடன் சிலருக்கு வரும் குமட்டல், தள்ளாட்டம் எல்லாம் வேறு. அவை பெரும்பாலும் சில மணி நேரத்தில் போய்விடும்.

சரி, நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்டாக வேண்டும். அன்றிலிருந்து கழுத்தில் வலி இருக்கிறதா? ஒரு பக்கமாக, கழுத்திலோ பின்மண்டையிலோ, இதுவரை வராத மாதிரி வலி? வேகமாகத் திரும்பும் ராட்டினங்களில் கழுத்து சுண்டப்படும்போது, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்துவிடலாம். இது மிக அபூர்வம்தான். ஆனால் கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம் என்பதால் கேட்கிறேன். இப்படிப்பட்ட வலியோடு தலைசுற்றல் இருந்தாலோ, இரட்டையாகத் தெரிவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாதது, ஒரு கண் இமை தொங்குவது, ஒரு பக்கம் மரத்துப்போவது, நேராக நடக்க முடியாதது, அசையாமல் படுத்தும் மணிக்கணக்கில் சுற்றுவது என்று எது இருந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் தலைவலிக்கும் இதுவே பதில். இதில் எதுவும் இல்லையென்றால், பரிசோதனைக்கு முன்பே ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை.

பரிசோதனை எளிது. உங்களைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலை லேசாகக் கீழே தொங்கும்படி பிடித்துக்கொள்வார்கள். கண்ணை மூடிவிடாதீர்கள், மருத்துவர் பார்ப்பதே அதைத்தான். சில நொடி ஒன்றும் நடக்காது. அப்புறம் கருவிழி துடிக்க ஆரம்பிக்கும், அறையும் சுழலும். துடிப்பின் திசையை வைத்து எந்தக் காது, எந்தக் குழல் என்று கண்டுபிடித்துவிடலாம். அங்கேயே சிகிச்சையும் தொடங்கிவிடும். தலையை ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வைத்து, படிப்படியாகத் திருப்பி, துகள்களை வந்த வழியே பைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். எப்லி முறை என்று சொல்வோம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு தடவையில் சரியாகிவிடும்.

எனக்கு ஒரு குறை உண்டு. இதற்காக மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விழுங்கிவிட்டு வருபவர்கள் ஏராளம். எந்த மாத்திரையும் துகளை இடம் மாற்றாது. குமட்டல் அதிகமாக இருந்தால் ஓரிரு நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த வகை மாத்திரை பரிசோதனையில் கண் துடிப்பை அடக்கிவிடவும் கூடும், அதனால் ஏதாவது எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீடியோ பார்த்து நீங்களே தலையைத் திருப்பிக்கொள்வதும் முதல் தடவை வேண்டாம். பக்கம் தப்பினால் பலன் இருக்காது. கழுத்துத் தேய்மானம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அதுவரை தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி இடப்பக்கமாகப் படுங்கள். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகு நில்லுங்கள். ஸ்டூல் மேல் ஏறாதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள். பல பேருக்குச் சில வாரங்களில் இது தானாகவே போய்விடும், ஆனால் இந்த வயதில் ஒருமுறை கீழே விழுந்தால் அது வேறு கதை. பிறகு திரும்பவும் வரக்கூடும். வந்தால் பயப்படாமல் இதே சிகிச்சையைச் செய்துகொள்ளலாம். அடிக்கடி வந்தால் வைட்டமின் டி அளவைப் பார்ப்பது நல்லது.

இனி ராட்டினமே கூடாதா என்றால், அப்படியில்லை. சுற்றல் முழுதாக நின்று சில வாரம் போகட்டும். அப்போதும் தலையைக் குலுக்கும், தலைகீழாகத் திருப்பும் வகையைத் தவிர்த்துவிட்டு, மெதுவாகச் சுற்றும் பெரிய ராட்டினத்தில் ஏறுங்கள்.

உங்கள் கணவர் விஷயம் தனி. ரோலர் கோஸ்டரில் இதயத் துடிப்பு 150-ஐத் தாண்டுவது ஆரோக்கியமானவர்களுக்கே சகஜம், ரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறும். வரிசையில் நிற்கும் இடத்தில் இதயநோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. இந்தமுறை ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம். அடுத்த தடவை போவதற்குள் அவருடைய பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, இதயத்தில் வேறு எதுவும் இல்லையா என்று அவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நடந்தாலே நெஞ்சு அழுத்துகிறது, மூச்சு வாங்குகிறது என்று அவர் எப்போதாவது சொல்லியிருந்தால், அதற்குள் என்று காத்திருக்காமல் இந்த வாரமே கூட்டிப்போங்கள்.