பால் கொடுக்கும் காலத்தில் ஏ.டி.எச்.டி. குளிசை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு 29 வயது, ஆசிரியை. ஏ.டி.எச்.டி.க்காக (கவனக்குறைவு, மிகைச்செயற்பாட்டுக் கோளாறு) மெதில்ஃபெனிடேட் 10 மி.கி. குளிசையைக் காலையிலும் மதியமும் எடுத்து வந்தேன். கர்ப்பம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். மகனுக்கு இப்போது பத்துக் கிழமை, தாய்ப்பால் மட்டும்தான். வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்குகிறது. இந்த மாதம் மட்டும் இரண்டு தடவை கேஸ் அடுப்பை அணைக்காமல் விட்டுவிட்டேன். பிள்ளைக்கு விற்றமின் துளி கொடுத்தேனா இல்லையா என்பதும் நினைவில் நிற்பதில்லை. மாமி, "குளிசை போடுறதெண்டா பாலை நிப்பாட்டு" என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, உப்புவெளி

பதில்: இரண்டில் ஒன்றை விட்டே ஆகவேண்டும் என்ற நிலை உங்களுக்கு இல்லை. குளிசை பாலில் கலக்கும் என்பது உண்மைதான். மாமி போட்டுத் தரும் தேத்தண்ணியும்தான் கலக்கிறது. எவ்வளவு கலக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தாயின் உடம்பில் கிலோ ஒன்றுக்கு விழும் மருந்தில் எத்தனை சதவீதம் பிள்ளையின் கிலோ ஒன்றுக்குப் போகிறது என்று கணக்கிடுவார்கள். அது 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஏற்கலாம் என்பது நடைமுறை. மெதில்ஃபெனிடேட்டில், அளந்து பார்த்த தாய்மாரிடம் இது 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. நாளுக்கு 20 மி.கி. எடுக்கும் 60 கிலோத் தாய், 5 கிலோப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக 1 சதவீதம் என்றே கணக்குப் போட்டாலும் பிள்ளைக்கு ஒரு நாளில் 0.02 மி.கி. வராது. உங்கள் 10 மி.கி. குளிசை ஒன்றை 500 பங்காக்கினால் ஒரு பங்கு அவ்வளவுதான்.

அப்படி அளக்கப்பட்ட தாய்மாரின் தொகை சிறியது. அதனால்தான் மருத்துவர்கள் "பயமே இல்லை" என்று சொல்லாமல் "கவனித்துக்கொண்டு கொடுக்கலாம்" என்கிறார்கள். மாதம் நிறைந்து பிறந்து, நிறை நன்றாக ஏறிவரும் பத்துக் கிழமைப் பிள்ளைக்கு இது பொருந்தும். குறைமாதப் பிள்ளை, பிறந்து சில நாளே ஆன பிள்ளை, இதயக் கோளாறோ வலிப்போ உள்ள பிள்ளை என்றால் குழந்தை நல மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. மருந்தைக் கழிக்கும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் அந்த வயதில் மெதுவாகவே செய்கின்றன.

தராசின் மறுதட்டையும் பாருங்கள். அணைக்காத அடுப்பு, இரண்டு தரம் கொடுபட்ட துளி, ஸ்கூட்டரில் போகும்போது சிதறும் கவனம் ஆகியவையும் பிள்ளைக்கு ஆபத்துத்தான். குளிசை எடுக்காமல் விடுவதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், குறுகிய நேரம் வேலை செய்யும் சாதாரண மெதில்ஃபெனிடேட்டை மருத்துவரின் கண்காணிப்பில் மறுபடி தொடங்குவதே நல்லது, பாலையும் தொடர வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

முதலில் திருகோணமலை பொது வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். பழைய மருந்துச் சீட்டு, வைத்தியசாலையில் துண்டு வெட்டியபோது தந்த அட்டை, பிள்ளையின் கிளினிக் கொப்பி மூன்றும் கையில் இருக்கட்டும். பிறஷரும் நாடித்துடிப்பும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மருந்து இரண்டையும் சற்று ஏற்றும், ஆகவே பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது பிறஷர் ஏறியிருந்தால் கட்டாயம் சொல்லவேண்டும். ஹீமோகுளோபினும் தைரோயிட்டும் சோதிக்கக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் இரத்தச்சோகையும் தைரோயிட் கோளாறும் இதே மறதியையும் சோர்வையும் தரும். அதற்கு மெதில்ஃபெனிடேட் மருந்தல்ல. காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளை மேல் ஒட்டுதல் வரவில்லை, சாக நினைக்கிறேன் என்றால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கிளினிக் நாள்வரை காத்திருக்க முடியாவிட்டால் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டதால் பழைய அளவில் தொடங்கமாட்டார்கள். பெரும்பாலும் 5 மி.கி., அதாவது அரைக் குளிசையில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள்.

நேரத்தை இப்படி அமைக்கலாம். காலை 6.30க்குப் பால் கொடுத்து, நீங்களும் இடியப்பமோ பாணோ சாப்பிட்டுவிட்டு உடனே குளிசையைப் போடுங்கள். இரத்தத்தில் மருந்து உச்சத்துக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும், அதன்பின் இரண்டு மூன்று மணி நேரத்துக்கொருமுறை பாதியாகக் குறையும். பிள்ளை 9.30க்குப் பசித்தால் உச்சம் கடந்திருக்கும். 8.30க்கே அழுதால்? தாராளமாகக் கொடுங்கள், அழவிடும் அளவுக்கு அது பெரிய விஷயமல்ல. பாலைக் கறந்து ஊற்றத் தேவையே இல்லை. இரத்தத்தில் குறையக் குறையப் பாலிலும் தானாகக் குறையும். பாடசாலைக்குப் போகும் நாட்களுக்கு, குளிசைக்கு முன் கறந்த பாலை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். நம்மூர் வெக்கையில் அதை வெளியே வைக்காமல் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டாவது குளிசை மதியம் 1 மணியைத் தாண்டவேண்டாம், பிந்தினால் உங்களுக்குக் கிடைக்கும் கொஞ்ச நித்திரையும் போய்விடும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. தொடங்குவதற்கு முந்திய ஒரு கிழமை, பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்குகிறது, எத்தனை தரம் பால் குடிக்கிறது, எத்தனை தரம் சிறுநீர் போகிறது, எந்நேரம் அழுகிறது என்று கொப்பியில் குறித்து வையுங்கள். இந்த வயதில் பொழுதுபட அழுவது பல பிள்ளைகளுக்கு வழக்கம். குறிப்பு இல்லாவிட்டால் அந்த அழுகை முழுவதும் குளிசையின் தலையில் விழும். நிறையைத் தொடங்குமுன் ஒருமுறையும், இரண்டு கிழமை கழித்து அதே தராசில் ஒருமுறையும் பார்க்கும்படி உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். வழமையை விடக் குறைவான தூக்கம், ஓயாத பரபரப்பு, பால் குடிக்க மறுப்பு, வளர்ச்சிக் கோடு தட்டையாதல், இவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: என் ராத்தாவுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது, பிள்ளைக்கு நாலு மாதம். லண்டனில் உள்ள சாச்சியின் மகள் தான் பாவிக்கும் லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் கெப்ஸ்யூலை அனுப்புவதாகச் சொல்கிறார். ஒரே வருத்தம்தானே, எடுக்கலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: வேண்டாம். வருத்தம் ஒன்றாக இருந்தாலும் மருந்து வேறு. அந்தக் கெப்ஸ்யூல் உடம்புக்குள் போய் டெக்ஸாம்ஃபெட்டமினாக மாறுகிறது. அது பாலில் செறிந்து நிற்கும் தன்மையுள்ளது, தாயின் இரத்தத்தில் உள்ளதைவிடப் பாலில் பல மடங்கு இருக்கும். மேலே சொன்ன கணக்கில் மெதில்ஃபெனிடேட் 1 சதவீதத்துக்குக் கீழே நிற்க, இது ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம் வரை போகிறது. நாள் முழுக்க வேலை செய்வதால் பால் கொடுக்கும் நேரத்தை மாற்றியும் பெரிய பயன் இல்லை. வேறெதுவும் சரிவராத தாய்மாருக்கு மருத்துவர்கள் இதையும் தருவதுண்டு. ஆனால் அது பிள்ளையை நெருக்கமாகப் பார்த்துக்கொண்டு செய்கிற வேலை. தவிர, இது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. வேறொருவர் பெயரில் எழுதியதைப் பொதியில் வரவழைத்தால் ராத்தாவுக்குத்தான் சட்டச் சிக்கல்.

மேலே சொன்ன இரண்டையும் போலத் தூண்டி வகை அல்லாத அட்டொமொக்ஸெட்டின் "பாதுகாப்பானது" என்ற பேச்சும் அடிபடுகிறது. பால் கொடுக்கும் தாய்மாரிடம் அதைப் பற்றிய தகவல் மெதில்ஃபெனிடேட்டை விடக் குறைவு. ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் இன்னொரு மருந்தான க்ளோனிடின் பிள்ளையின் இரத்தத்தில் கணிசமாகச் சேருகிறது, ஆகவே நாங்கள் அதைப் பின்னுக்கே தள்ளுவோம்.

நோன்பு காலம் பற்றியும் ஒரு சொல். சஹருக்குப் போடும் சாதாரண மெதில்ஃபெனிடேட் காலை ஒன்பது மணிக்குள் ஓய்ந்துவிடும். பால் கொடுப்பவருக்கு நோன்பைப் பின்னர் நோற்கும் சலுகை இருப்பதால், மருந்து நேரத்தை முறுக்குவதற்கு முன் ராத்தா ஆலிமிடமும் மருத்துவரிடமும் பேசட்டும்.

கேள்வி: மெதில்ஃபெனிடேட் குளிசை தொடங்கி மூன்று கிழமை. பால் குறைந்த மாதிரி இருக்கிறது. குளிசைதான் காரணமா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: இருக்கலாம். பாலைச் சுரக்கவைக்கும் புரோலக்டினை டோபமின் அடக்கும், இந்த மருந்துகள் டோபமினைக் கூட்டும். சுரப்பு நிலைப்படும் முதல் ஆறு கிழமைக்குள் இதில் கூடிய கவனம் வேண்டும்.

ஆனால் முதலில் உங்கள் சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். மெதில்ஃபெனிடேட் பசியைக் கொல்லும், கவனம் ஒன்றில் பதிந்தால் தாகமும் தெரியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு குவளைத் தண்ணியில் மதியம்வரை ஓட்டினால் உடம்பு என்ன செய்யும்? குளிசைக்கு முன் வயிறாறச் சாப்பிடுங்கள், பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். மருந்து இறங்கும் பின்னேரத்தில் பசி திரும்பும், மரக்கறி, மீன், முருங்கையிலை எல்லாம் சேர்ந்த பெரிய சாப்பாட்டை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் தடிமனுக்குக் குளிசை ஏதும் எடுத்தீர்களா? அதில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் சந்தேகத்தை அங்கே வையுங்கள். ஒரு ஆய்வில் அதன் 60 மி.கி. ஒரே தடவை எடுத்த தாய்மாரிடம் அந்த நாளின் பால் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. மெதில்ஃபெனிடேட்டோடு சேர்ந்தால் பிறஷரும் ஏறும். பாமசியில் "பால் கொடுக்கிறேன், மெதில்ஃபெனிடேட் எடுக்கிறேன்" என்று இரண்டையும் சொல்லி வாங்குங்கள்.

மார்பு மென்மையாக இருப்பதை வைத்துப் பால் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். நாளுக்கு ஆறு தரத்துக்கு மேல் சிறுநீர் போய், நிறையும் ஏறினால் பால் போதும்.

கேள்வி: எனக்குக் குளிசையே வேண்டாம். நாளுக்கு ஆறு கோப்பை கோப்பி குடித்துச் சமாளிக்கிறேன். பிள்ளைக்கு ஒரு மாதம், தூங்குவதே இல்லை.
– வாசகி, மூதூர்

பதில்: குளிசைக்குப் பயந்து கோப்பிக்குப் போனது உங்கள் பிள்ளைக்கு லாபமாகத் தெரியவில்லை. பெரியவர்களின் உடம்பில் சுமார் ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் கஃபேன், பிறந்த பிள்ளையின் உடம்பில் பாதியாக மூன்று நாளுக்கு மேல் எடுக்கும். இன்று வந்தது கழியுமுன் நாளையது வந்து சேரும். இரண்டு கோப்பையாகக் குறையுங்கள், தேத்தண்ணியையும் அந்தக் கணக்கில் சேருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் உங்களுக்குத் தலையிடி வரும், இரண்டு நாளுக்கு ஒரு கோப்பை என்று இறக்குங்கள். பிள்ளையின் தூக்கம் சீராக ஒரு கிழமைக்கு மேலும் ஆகலாம்.

குளிசை இல்லாமல் இருப்பதும் நியாயமான தெரிவுதான், ஆனால் வீட்டின் ஒழுங்கு அந்த வேலையைச் செய்யவேண்டும். இரவில் தொடர்ந்து நாலு மணி நேரம் நீங்கள் தூங்க, கறந்த பாலோடு கணவரோ உம்மாவோ பிள்ளையைப் பார்க்கட்டும். துளி கொடுத்த உடனே நாட்காட்டியில் கோடு போடுங்கள். கைபேசியில் அலாரம் வைத்தால் பெயரோடு வையுங்கள், வெறும் சத்தம் கேட்டால் எதற்கு என்று மறந்துபோகும். அடுப்பில் ஏதும் இருக்கும்போது பிள்ளை அழுதால், முதலில் அடுப்பை அணைத்துவிட்டே தூக்குங்கள். பிள்ளை அரை நிமிடம் கூடுதலாக அழுவதால் ஒன்றும் ஆகிவிடாது.