‘நேபு’ என்ற பட்டப்பெயர்

கேள்வி: கல்லடியில் எங்கள் திருச்சபையின் வாலிபர் ஐக்கியத்தை நடத்தி வருகிறேன். சனிக்கிழமைக் கூடுகை ஒன்றில், பதினைந்து வயதுத் தம்பி ஒருவர் தானியேல் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கையில் ‘நேபுகாத்நேச்சார்’ என்ற பெயரில் திக்கிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுவாரமே அவருக்கு ‘நேபு’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள். மூன்று வாரமாக அவர் வருவதில்லை. கூடுகையில் பகிடியே வேண்டாம் என்கிறார் மூப்பர் ஒருவர். பகிடி இல்லாவிட்டால் யாரும் வரமாட்டோம் என்கிறார்கள் பிள்ளைகள். யார் சொல்வது சரி?

பதில்: வம்பும் புத்தியீனமான பேச்சும் பரியாசமும் தகாதவை என்னும் எபேசியர் 5:4 மூப்பரின் மனத்தில் இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சிரிப்புக்கே இட்ட தடையாகக் கொண்டால், தொண்ணூறு வயதில் பெற்ற பிள்ளைக்கு நகைப்பு என்று பொருள்படும் ஈசாக்கு என்ற பெயர் அமைந்ததையும், கேட்கிற யாவரும் தன்னோடேகூட நகைப்பார்கள் என்று சாராள் சொன்னதையும் என்ன செய்வது?

பகிடி என்பது நம் பகுதியில் இனிய சொல். அதனோடு வதை சேர்ந்து, புதிய மாணவரைத் துன்புறுத்தும் பகிடிவதையானபோதுதான், அதைத் தடுக்க இலங்கையில் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் தேவைப்பட்டது. அது கல்வி நிறுவனங்களுக்கான சட்டம். உங்கள் ஐக்கியத்துக்கு அங்கே வேலை இல்லை. ஆயினும் வாயிலில் ஒரு பட்டப்பெயர் காத்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, சனிக்கிழமை பின்னேரம் சைக்கிளை வேறு பக்கம் திருப்பத்தான் செய்யும்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? நீங்கள் வாசித்த அதிகாரமே நகைச்சுவை நிறைந்தது. அறுபது முழ உயரத்தில் பொற்சிலை நிறுத்திய ராஜா நேபுகாத்நேச்சாரின் ஆடம்பரத்தைக் காட்ட, ‘எக்காளம், நாகசுரம், கின்னரம், வீணை’ என்று தொடங்கும் வாத்தியப் பட்டியல் அங்கே நான்கு முறை வருகிறது. நான்காம் முறை உரக்க வாசிப்பவருக்கு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வது கடினம். இத்தனை மேளதாளத்துக்கும் வணங்காமல் நின்றவர்கள் மூன்றே பேர். அந்தச் சிரிப்பு ராஜாவுக்கு உரியது. உங்கள் கூடுகையில் அது முகவரி தவறி, வாசித்த பிள்ளையின் தலையில் விழுந்துவிட்டது.

அப்போஸ்தலர் இருபதாம் அதிகாரத்தில், பவுல் நடுராத்திரிமட்டும் பிரசங்கித்துக்கொண்டிருக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான். (நீண்ட பிரசங்கம் செய்பவர்கள் இப்பகுதியை ஏனோ அதிகம் எடுப்பதில்லை.) பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார், தூங்கியதற்காகக் கடிந்துகொண்டதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. கிருபைக்கு விளக்கம் தேடி நான் அடிக்கடி போகும் இடம் அது.

ஆகவே பகிடியை நிறுத்த வேண்டாம். பட்டப்பெயரை மட்டும் இந்த வாரமே நிறுத்துங்கள். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்கச் செய்தால், அந்தத் தம்பிக்கு அது இரண்டாவது வெட்கமாகும். நீங்களும் சிரித்ததாக எழுதியிருப்பதால், நீங்களே தனியாக அவர் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லுங்கள். ‘எப்போது வருவாய்’ என்று மட்டும் அன்று கேட்காதீர்கள். அவருடைய அம்மா தரும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, அவர் பேச விரும்புவதைக் கேட்டுவிட்டுத் திரும்புங்கள்.