மூன்றாவது சிஸ்டர்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் அப்பாவை (74 வயது, இதய நோயாளி) மூச்சுத்திணறலால் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ், வார்டில் ஒருவர், இரவு ட்யூட்டிக்கு வந்த மூன்றாமவர் என்று எல்லோரும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். எல்லாம்தான் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதே! பொறுக்க முடியாமல் விவரங்களை நானே ஒரு தாளில் எழுதிக் கட்டிலில் ஒட்டிவைத்தேன். மூன்றாவது நர்ஸ் அதைப் படிக்கக்கூட இல்லை. என்னை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவிடம் கால் மணி நேரம் பேசினார். காலையில் டாக்டர் வந்து, "பெரியவர் நீர் மாத்திரையை நிறுத்திப் பல நாள் ஆகிறதே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை அது. குற்றவாளிகள் மாதிரி நின்றோம். நம் நர்சிங் கல்வியின் தரம் இவ்வளவுதானா? இந்த வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டால் நல்லதுதானே?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதவே இல்லையே. வீடு திரும்பியிருப்பார் என்று நம்புகிறேன்.

இயந்திரங்களைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். கல்வித் தரம் பற்றி, ஒரு வார்டில் நடந்ததை வைத்துத் தீர்ப்பு எழுத எனக்கு மனமில்லை. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பதற்கு மட்டும் ஒரு காரணம் சொல்லிவிடுகிறேன். ஊசி போடும் முன்பெல்லாம் பெயரைக் கேட்பது மறதியால் அல்ல. "நீங்கதானே இன்னார்?" என்று கேட்டால் காது மந்தமான பெரியவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். பக்கத்துக் கட்டில்காரரின் மருந்து இவருக்கு ஏறிவிடும். அதனால் பெயரை அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். இது அங்கே பாலபாடம்.

என்னை உறுத்துவது நீங்கள் ஒட்டிய அந்தத் தாள்.

என் பெரியம்மா மகள் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா வீட்டுக்கு வந்தால் எங்களுக்குப் பொழுது போவதே வார்டுக் கதைகளில்தான். அவருடைய தீராத எரிச்சல் ஒன்று உண்டு: நோயாளியைக் கேட்டால் மகன் பதில் சொல்வது. "சாப்பிட்டீங்களாய்யா?" "ரெண்டு இட்லி சாப்பிட்டார் சிஸ்டர்." "ராத்திரி தூக்கம்?" "நல்லா தூங்கினார் சிஸ்டர்." "மோஷன் போனீங்களா?" "அதெல்லாம் ரெகுலர் சிஸ்டர்." அக்கா நிமிர்ந்து பார்த்து, "தம்பி, போனது நீங்களா, அவரா?" என்பார்.

அந்த "நல்லா தூங்கினார்" இருக்கிறதே, அது பழைய வியாதி. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட 'நோட்ஸ் ஆன் நர்சிங்' நூலில் இதற்காகவே சண்டை போடுகிறார். ஐந்து நாள் இரவும் பகலும் தூங்காமல் அதனாலேயே இறந்துபோன ஒருவர். இடையில் விழிக்காமல் ஒரு முழு இரவு தூங்க முடியாத இன்னொருவர். இருவரைப் பற்றியும் கிடைத்த பதில் ஒன்றுதான்: சரியான தூக்கமில்லை. எத்தனை மணி நேரம், இரவில் எந்தெந்த நேரத்தில் என்று கேட்கச் சொல்கிறார். பசியில்லை என்பதையும் அவர் அப்படியே விடுவதில்லை. சமையல் சரியில்லையா, உணவே ஒத்துவராததா, கொடுத்த நேரம் தப்பா, உண்மையிலேயே பசியில்லையா என்று பிரிக்கிறார்.

அக்கா அந்த நூலைப் படித்ததில்லை. ஆனால் "மூச்சு வாங்குதா?" என்று கேட்கமாட்டார். "எத்தனை தலகாணி வெச்சுப் படுக்குறீங்க? போன மாசம் எத்தனை?" என்பார். ஒன்று மூன்றாகியிருந்தால், மட்டமாகப் படுக்க முடியவில்லை, நெஞ்சில் நீர் கோத்திருக்கலாம் என்று அவருக்குப் பிடிபட்டுவிடும். பேச்சோடு பேச்சாக முன்னங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், குழி விழுந்து அப்படியே நிற்கிறதா என்று. நின்றால் காலிலும் நீர் கோத்திருக்கிறது. நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடமாட்டார். நாடி பார்ப்பது போலவே பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவார். எண்ணுவது தெரிந்தால் ஆளுக்கு மூச்சின் போக்கே மாறிவிடுமாம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று மதிப்பெண் போட்டுக் கணிக்க பிரிட்டனில் 2012-இல் வந்த எச்சரிக்கை முறையில் 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கே உச்ச மதிப்பெண்ணான 3 விழும். அக்காவின் வார்டிலும் எண்ணாமலே வரிசையாக எல்லோருக்கும் 20 என்று எழுதிவைத்த பிள்ளைகள் உண்டு. "முப்பது பேருக்கும் ஒரே மூச்சாடி?" என்று சார்ட்டை மேஜையில் போடுவாராம். திட்ட வேண்டுமென்றால் அவர்களைத் திட்டுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் திட்டுகிறேன். மூன்றாவது சிஸ்டரைத் தொடாதீர்கள்.

அவர் உங்களை வெளியே அனுப்பினார் அல்லவா? அது ஒரு வித்தை. அக்கா "தம்பி, கீழ பார்மசியில ஒரு பிளாஸ்டர் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்புவார். பிளாஸ்டர் அவர் டிரேயிலேயே இருக்கும். மகன் படியிறங்கியதும் வயதானவர்களிடம் அவர் தவறாமல் கேட்கும் கேள்வி: "ராத்திரி பாத்ரூம் போக யாரை எழுப்புவீங்க?"

அவ்வளவுதான், எல்லாம் வந்துவிடும். இரவில் மருமகளை எழுப்பக் கூச்சப்பட்டு மாலை ஐந்து மணியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்தியவர்கள். வேட்டியில் பட்டுவிட்டதை யாருக்கும் தெரியாமல் அலசிப் போட்டவர்கள். நீர் மாத்திரை போட்டால் நாலு தடவை எழ வேண்டுமே என்று அதை மட்டும் பிரித்துத் தலையணைக்கு அடியில் வைத்தவர்கள். இதையெல்லாம் மகன் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நிற்கும்போது யார் சொல்வார்கள்? நீங்கள் ஒட்டிய தாளில் அந்த மாத்திரையின் பெயர் நிச்சயம் இருந்திருக்கும், காலை ஒன்று என்றோ இரண்டு வேளை என்றோ. நீங்கள் எழுதியது பொய் இல்லை. வாங்கிக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும், விழுங்கியது அவருக்குத்தான் தெரியும்.

குற்றவாளி மாதிரி நின்றீர்கள் என்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அப்பாவை ஓடி ஓடிப் பார்த்த பிள்ளை நீங்கள், கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் ஒரு வயதான மனிதர் தன் மானத்துக்குப் பயந்து மூச்சு முட்டும்வரை போயிருக்கிறார். அதைக் கண்டுபிடித்தவர் மேல் உங்களுக்குக் கோபம் வருகிறதே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

அடுத்த முறை தாள் வேண்டாம். வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகளை, பாதி தீர்ந்தது, தீராதது எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அப்படியே சிஸ்டர் கையில் கொடுங்கள். தீர்ந்திருக்க வேண்டிய அட்டை தீராமல் இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார். அப்புறம் டீ குடிக்கப் போய்விடுங்கள்.

அப்பா படுக்கும் அறையிலிருந்து உங்கள் வீட்டு பாத்ரூம் எவ்வளவு தூரம்? ராத்திரியில் அங்கே விளக்கு எரிகிறதா? அதை எழுதுங்கள்.